தமிழ்நாடு ரஞ்சி அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிஎல் முடிந்து, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை தொடங்கினால் போதும், அலுவலகத்திலும் குடும்ப வாட்ஸப் குழுவிலும் அதே சந்தேகங்கள் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சிஎஸ்கேவும் தமிழ்நாடு டீமும் ஒண்ணுதானே? ரெண்டும் சேப்பாக்கத்துலதானே ஆடுது?

மைதானம் ஒன்று, அணி வேறு. சிஎஸ்கே 2008-ல் ஐபிஎல்லுக்காகத் தொடங்கிய அணி. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது, வீரர்களை ஏலத்தில் எடுக்கிறது. தோனி ராஞ்சிக்காரர், 2025 வரை ஆடிய ஜடேஜா சௌராஷ்டிராக்காரர் என்றெல்லாம் அங்கே யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாடு அணி தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் அணி. ஏலம் கிடையாது, தேர்வுக்குழு எடுக்கும். அஸ்வின் சிஎஸ்கேவுக்கு வருவதற்கு முன்பே தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடியவர். சிஎஸ்கே பிறந்தபோது இந்த அணிக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது.

சரி, இவங்க என்னென்ன போட்டியில ஆடுறாங்க?

முக்கியமாக மூன்று. நான்கு நாள் ஆட்டமான ரஞ்சிக் கோப்பை (நாக் அவுட் ஆட்டங்கள் ஐந்து நாள்), ஐம்பது ஓவர் ஆட்டமான விஜய் ஹசாரே கோப்பை, டி20 ஆட்டமான சையது முஷ்டாக் அலி கோப்பை. துலீப் கோப்பை என்று ஒன்று உண்டு. அதில் மண்டல அணிகள்தான் ஆடும், தமிழ்நாட்டு வீரர்கள் தென் மண்டலத்துக்கு ஆடுவார்கள்.

ரஞ்சியோட முதல் மேட்ச்சே மெட்ராஸ்லதான் நடந்துச்சாமே, நிஜமா?

நிஜம்தான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மெட்ராஸும் மைசூரும் மோதின. எம்.ஜே. கோபாலன் வீசிய பந்துதான் ரஞ்சி வரலாற்றின் முதல் பந்து.

அதைவிட வேடிக்கை, அந்த ஆட்டம் அன்றைக்கே முடிந்துபோனது. மைசூர் 48-க்கு ஆல் அவுட், மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஏ.ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார். அப்போது மெட்ராஸ் கேப்டன் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். மெட்ராஸில் ஐரோப்பியர்களும் இந்தியர்களும் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் மோதிக்கொண்ட பிரசிடென்சி மேட்ச் மரபு ஏற்கெனவே இருந்தது. அதற்கு வித்திட்டவர் புச்சி பாபு நாயுடு. இன்றும் சீசனுக்கு முன்னால் நடக்கும் புச்சி பாபு போட்டி அவர் பெயரில்தான்.

கோபாலனைப் பற்றி இன்னொன்று. அவர் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கி அணி ஒரு பக்கம், இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி இன்னொரு பக்கம். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு வந்தது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை.

மெட்ராஸ் டீம் ஜெயிச்சதைத் தமிழ்நாடு கணக்குல எப்படிச் சேர்க்க முடியும்? அது வேற மாநிலமாச்சே?

சங்கம் அதேதான், பெயர்தான் மாறியது. 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அணியின் பெயரும் மாறியது. ஆகவே பழைய கணக்கு தொடர்கிறது. மைசூர் கர்நாடகாவானதும், பம்பாய் மும்பையானதும் அப்படித்தான்.

ஆனால் கேட்டவரின் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அன்றைய மெட்ராஸ் மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிடப் பெரிது. ஆந்திரா 1953-54 சீசனில்தான் தனி அணியாக ரஞ்சிக்கு வந்தது. புதுச்சேரி ரஞ்சியில் தனியாக ஆடத் தொடங்கியதோ 2018-19-ல்தான்.

மொத்தம் எத்தனை கப் இருக்கு நம்மகிட்ட?

முக்கியமானவை மட்டும் சொல்கிறேன். ரஞ்சி இரண்டு: 1954-55, 1987-88. ஐம்பது ஓவர் கோப்பை ஐந்து: 2002-03, 2004-05 (உத்தரப் பிரதேசத்தோடு பகிர்ந்துகொண்டது), 2008-09, 2009-10, 2016-17. டி20 மூன்று: 2006-07, 2020-21, 2021-22. ரஞ்சி சாம்பியனும் ரெஸ்ட் ஆஃப் இந்தியா அணியும் மோதும் இரானி கோப்பை ஒன்று, 1988-ல்.

மும்பை ரஞ்சியை மட்டும் 42 தடவை வென்றிருக்கிறது. அந்தக் கணக்கோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தியாவில் வேறு எந்த அணியும் அதன் பக்கத்தில்கூட இல்லை. கர்நாடகாவே எட்டுதான்.

முதல் ரஞ்சி கப் எப்படி வந்துச்சு? தாத்தா ஏதோ இந்தூர்னு சொல்வாரு.

தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1954-55 இறுதி ஆட்டம் இந்தூரில், ஹோல்கர் அணிக்கு எதிராக நடந்தது. அதற்குமுன் பத்தாண்டுகளில் ஹோல்கர் நான்கு முறை ரஞ்சி வென்ற அணி. அவர்கள் ஊரிலேயே போய் 46 ரன்னில் ஜெயித்தது பாலு அழகண்ணன் தலைமையிலான மெட்ராஸ். அழகண்ணன் பிற்காலத்தில் கிரிக்கெட் வர்ணனையாளராகப் பெயர் வாங்கியவர், பல பேருக்கு அவரைக் குரலாகத்தான் தெரியும்.

அந்த சீசனின் நாயகன் ஏ.ஜி. கிருபால் சிங். இறுதியில் 75, 91 ரன்கள், அதோடு ஏழு விக்கெட்டும். அடுத்த சீசனில் ஹைதராபாதில் நியூஸிலாந்துக்கு எதிராக டெஸ்டில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸிலேயே சதம் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

ராம்சிங், கிருபால் சிங்னு சர்தார்ஜிகள் எப்படி மெட்ராஸ் டீம்ல?

ஒரே குடும்பம். ராம்சிங்கின் முழுப் பெயர் அமிர்தசரஸ் கோவிந்த்சிங் ராம்சிங். பூர்வீகம் பஞ்சாப், ஆனால் அவர் பிறந்ததே மெட்ராஸில். முதல் ரஞ்சி ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்த அதே ராம்சிங்தான் இவர். இவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். ஓட்டப்பந்தய மில்கா சிங் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிருபாலின் மகன் அர்ஜன் கிருபால் சிங் 1988-89-ல் கோவாவுக்கு எதிராக 302 நாட் அவுட். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம்! ஸ்கோர் 6 விக்கெட்டுக்கு 912, டிக்ளேர். அந்த சீசனில் ராமன் ரஞ்சியில் ஆயிரம் ரன்னைத் தாண்டினார். மெட்ராஸ் கிரிக்கெட்டில் மூன்று தலைமுறை தொடர்ந்த குடும்பம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இவர்கள்தான்.

1988 கப் பத்திச் சொல்லுங்க. ஸ்ரீகாந்த் கேப்டனா?

இல்லை, எஸ். வாசுதேவன். இடது கை சுழற்பந்து வீச்சாளர், இந்தியாவுக்கு ஆடாதவர். அதனாலேயே பெயர் மறந்துபோகிறது. ஸ்ரீகாந்த் அதற்கடுத்த ஆண்டு இந்திய அணியின் கேப்டன் ஆனார், அந்த நினைவில் எல்லோரும் அவரைச் சொல்லிவிடுகிறார்கள்.

இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில், ரயில்வேஸுக்கு எதிராக. தமிழ்நாடு 709, ரயில்வேஸ் 317, 248. இன்னிங்ஸ், 144 ரன். போட்டி என்றே சொல்ல முடியாத ஒருதலை ஆட்டம். ரஞ்சி சாம்பியன் என்ற முறையில் அடுத்த சீசனில் ரெஸ்ட் ஆஃப் இந்தியாவோடு இரானி கோப்பையும் ஆடி அதையும் தூக்கினார்கள். அதில் வி.பி. சந்திரசேகர் 56 பந்தில் சதம் அடித்தார். டி20 என்ற சொல்லே இல்லாத காலம் அது.

ஃபைனல் வந்து வந்து தோத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, எத்தனை தடவை?

ரஞ்சியில் பத்து. 1935-36, 1940-41, 1967-68, 1972-73, 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15. வென்றது இரண்டு, தோற்றது பத்து. படித்தாலே வயிறு எரிகிறது.

இதில் மறக்கக் கூடாதது 1972-73. சேப்பாக்கத்தில் பம்பாய்க்கு எதிராக. தமிழ்நாட்டின் பக்கம் வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று நாட்டிலேயே தரமான சுழல் ஜோடி. பந்து முதல் நாளிலிருந்தே திரும்பிய பிட்ச். கவாஸ்கர், வடேகர் எல்லாம் இருந்த பம்பாயை 151-க்குச் சுருட்டினார்கள். அதுவரை திட்டப்படிதான் போனது. ஆனால் அந்தப் பக்கம் பத்மாகர் ஷிவல்கர் இருந்தார். 16 ரன்னுக்கு 8 விக்கெட். தமிழ்நாடு 80. இரண்டாவது இன்னிங்ஸில் பம்பாய் 113-க்கு விழுந்தும் பயனில்லை, ஷிவல்கர் 18-க்கு 5, தமிழ்நாடு 61. ஐந்து நாள் இறுதி ஆட்டம் மூன்றாம் நாள் முதல் பந்தில் முடிந்தது. நமக்காகத் திரும்பிய பிட்ச் எதிராளிக்கும் திரும்பும் என்பதை இதற்குமேல் யாரும் விளக்க முடியாது. அந்த ஷிவல்கருக்குக் கடைசிவரை ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை.

2014-15 வேறு விதம். மும்பையில் நடந்த ஆட்டம், எதிரே கர்நாடகா. தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 134, வினய் குமாருக்கு ஐந்து விக்கெட். பதிலுக்கு கருண் நாயர் மட்டுமே 328, வினய் குமாரும் ஒரு சதம். கர்நாடகா 762. இரண்டாவது இன்னிங்ஸில் தினேஷ் கார்த்திக், விஜய் சங்கர் சதம் அடித்து 411 வரை இழுத்தார்கள். இன்னிங்ஸ் தோல்விதான்.

மேட்ச் டிரான்னு போட்டிருக்கு, ஆனா கப் அவங்களுக்குன்னு இருக்கு. எப்படி?

ரஞ்சியில் ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் முதல் இன்னிங்ஸில் யார் அதிகம் எடுத்தார்களோ அவர்கள் கை ஓங்கும். லீக் ஆட்டத்தில் நேரடி வெற்றிக்கு 6 புள்ளி (இன்னிங்ஸ் அல்லது 10 விக்கெட் வெற்றி என்றால் கூட ஒன்று). டிராவில் முதல் இன்னிங்ஸ் முன்னிலை எடுத்தவருக்கு 3, மற்றவருக்கு 1. நாக் அவுட் ஆட்டத்தில் முன்னிலை எடுத்தவர் வென்றதாகவே அர்த்தம்.

2011-12 இறுதியில் சேப்பாக்கத்தில் அதுதான் நடந்தது. ராஜஸ்தான் டாஸ் வென்று பேட் செய்தது, செய்தது, செய்துகொண்டே இருந்தது. வினீத் சக்சேனா 257, மொத்தம் 621. தமிழ்நாடு 295. ஆட்டம் டிரா, கோப்பை ஜெய்ப்பூருக்கு. 1995-96-ல் கர்நாடகாவும் இதே சேப்பாக்கத்தில் இதே வழியில்தான் தட்டிக்கொண்டு போனது. இந்த விதியால் கேப்டன்கள் தட்டையான பிட்ச்சில் இரண்டு நாள் கட்டை போடுகிறார்கள் என்று ஒரு புகார் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடுதான்.

கர்நாடகான்னாலே ஏன் இவ்வளவு டென்ஷன்?

முதல் ரஞ்சி ஆட்டமே இவர்களோடுதான், அப்போது மைசூர். அண்மைக் காலத்தில் அடி மேல் அடி. மேலே சொன்ன இரண்டு இறுதிகள் போக, 2019-20 சீசனில் விஜய் ஹசாரே இறுதியிலும் கர்நாடகாவிடம் தோல்வி, முஷ்டாக் அலி இறுதியில் ஒரே ஒரு ரன்னில் தோல்வி. அந்த ரணம் ஆறும் முன்பே திண்டுக்கல் நத்தம் மைதானத்தில் ரஞ்சி லீக் ஆட்டத்தில் 26 ரன் தோல்வி. கிருஷ்ணப்பா கௌதம் கடைசி இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்தார்.

கணக்கைத் தீர்த்தது 2021 நவம்பர் 22, டெல்லி, முஷ்டாக் அலி இறுதி. கர்நாடகா 151. கடைசி ஓவரில் 16 வேண்டும், சாய் கிஷோர் முதல் பந்தையே பவுண்டரிக்கு அனுப்பினார். கடைசிப் பந்தில் 5 வேண்டும், பேட் பிடித்திருந்தவர் ஷாருக் கான். பிரதீக் ஜெயின் வீசினார், பந்து லெக் பக்கம் எல்லையைத் தாண்டி விழுந்தது. 15 பந்தில் 33. இந்த ஷாருக் கான் சென்னைக்காரர், நடிகர் அல்ல. இந்தக் கேள்வியும் எனக்கு வந்திருக்கிறது.

506 ரன் அடிச்சது உண்மையா, எடிட் பண்ணினதா?

உண்மை. 2022 நவம்பர் 21, பெங்களூரு, விஜய் ஹசாரே கோப்பை, எதிரணி அருணாசலப் பிரதேசம். ஐம்பது ஓவரில் 2 விக்கெட்டுக்கு 506. நாராயண் ஜெகதீசன் 141 பந்தில் 277, சாய் சுதர்சன் 154. இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 416. ஜெகதீசனுக்கு அது தொடர்ந்து ஐந்தாவது சதம். அருணாசலம் 71-க்கு ஆல் அவுட், 435 ரன் வித்தியாசம். உள்நாட்டு ஒருநாள் ஆட்டங்களையும் சேர்த்து அன்றைய நிலவரப்படி உலக சாதனை.

எதிரணி எளிது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 277-ஐ நின்று அடிக்க வேண்டும் அல்லவா.

முரளி விஜய் மேட்ச் நடுவுலயே கிளம்பிப் போயிட்டாராமே?

கோபித்துக்கொண்டு போகவில்லை, டெஸ்ட் ஆடப் போனார். 2008 நவம்பர், நாசிக்கில் மகாராஷ்டிராவோடு ரஞ்சி ஆட்டம். விஜய்யும் அபினவ் முகுந்தும் முதல் விக்கெட்டுக்கு 462 ரன் சேர்த்தார்கள். விஜய் 243, முகுந்த் 300 நாட் அவுட். அந்த நேரம் பார்த்து, ஷேன் வாட்சனை முழங்கையால் இடித்ததற்காக கௌதம் கம்பீருக்குத் தடை. நாக்பூரில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட், தொடக்க ஆட்டக்காரர் இல்லை. ரஞ்சி ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு விஜய் நாக்பூர் போய்ச் சேர்ந்தார். அங்கே 33, 41 ரன்களோடு மேத்யூ ஹேடனை ரன் அவுட்டும் செய்தார். அதே ஆட்டத்தில் முச்சதம் அடித்த முகுந்துக்கு டெஸ்ட் வாய்ப்பு வர 2011 ஆனது.

இந்தியாவுக்கு ஆடாததால யாருக்கும் தெரியாமப் போன ஆளுங்க யாரு?

என் பட்டியலில் முதல் பெயர் எஸ். ஷரத். இடது கை பேட்ஸ்மேன், முதல்தர ஆட்டங்களில் 27 சதம், தமிழ்நாட்டுக்காக நூறு ரஞ்சி ஆட்டங்களைத் தொட்ட முதல் ஆள். டிராவிட், லக்ஷ்மண், கங்குலி காலத்தில் நடுவரிசையில் பிறந்ததுதான் அவர் செய்த ஒரே குற்றம்.

வி.வி. குமார் முழுக்க ஆடாதவர் அல்ல. 1960-61-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக அறிமுகமாகி ஐந்து விக்கெட் எடுத்தார். ஆனால் மொத்தமே இரண்டு டெஸ்ட். ரஞ்சியில் 400-க்கு மேல் விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னருக்கு அவ்வளவுதான் கிடைத்தது. மேலே சொன்ன வாசுதேவனும் இந்த வரிசையில்தான்.

சென்னைப் பசங்க மட்டும்தான் எடுப்பாங்களா? எங்க ஊர்ப் பையனுக்கு வாய்ப்பு இருக்கா?

ஒரு காலத்தில் இந்தக் குற்றச்சாட்டு உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. தேர்வுக்குழு பார்ப்பது சென்னை முதல் டிவிஷன் லீக்கை. அதில் இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட், ஸ்டேட் பேங்க் மாதிரி நிறுவனங்கள் வேலையோ சம்பளமோ கொடுத்து அணி வைத்திருந்தன. வெளியூர்ப் பையன் சென்னைக்கு வந்து தங்கினால்தான் கண்ணில் படுவான்.

2016-ல் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற டி20 போட்டி) வந்தபிறகு நிலைமை மாறியது. திண்டுக்கல், சேலம், கோவை, திருநெல்வேலியில் ஆட்டம், அதுவும் நேரலையில். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2015-லேயே ரஞ்சி ஆடி, பந்துவீசும் முறையில் சந்தேகம் கிளம்பி, அதைச் சரிசெய்து மீண்டவர். டிஎன்பிஎல்லில் வீசிய யார்க்கர்கள்தான் அவரை 2017-ல் மூன்று கோடிக்கு ஐபிஎல்லில் சேர்த்தன. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவிலும் அறிமுகமானார். கட்டடக் கலை படித்த வருண் சக்கரவர்த்தி வந்ததும் இதே வழிதான். ஆகவே, வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நான்கு நாள் ஆட்டத்துக்கான பாதை இன்னமும் சென்னை லீக் வழியாகத்தான் போகிறது.

வேற மாநிலத்துக்காரங்க ஆடலாமா?

ஆடலாம். பழைய சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும். டிரினிடாடில் பிறந்த ராபின் சிங் தமிழ்நாட்டுக்கு ஆடித்தான் இந்திய அணிக்குப் போனார். போவதும் உண்டு: பாபா அபராஜித் கேரளாவுக்கும், விஜய் சங்கர் திரிபுராவுக்கும் போனார்கள்.

ரஞ்சி ஆடினா சம்பளம் உண்டா, சும்மா பேருக்கா?

உண்டு, நாள் கணக்கில். 2021-ல் கிரிக்கெட் வாரியம் அறிவித்தபடி, 40 ஆட்டத்துக்கு மேல் ஆடிய வீரருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், 21 முதல் 40 வரை ஆடியவருக்கு 50,000, அதற்குக் கீழே 40,000. களமிறங்காத மாற்று வீரர்களுக்குப் பாதி. ஐபிஎல் தொகையோடு பார்த்தால் சிறிது, ஆனால் ஒரு சீசன் முழுக்க ஆடுகிறவருக்குக் குடும்பம் நடத்தப் போதும். சிக்கல், அணியில் இடம் போனால் அந்த வருமானமும் போய்விடும்.

1988-க்கு அப்புறம் ரஞ்சி ஏன் வரவே இல்ல? அதுதான் புரியல.

ஒரே காரணம் சொல்கிறவரை நம்பாதீர்கள். நான் பார்த்தவரை மூன்று விஷயம் இருக்கிறது. சுழலை நம்பியே அணியைக் கட்டும் பழக்கம் ஒன்று. வெளியூரில், குறிப்பாக குளிர்காலத்து வடக்கில், பத்து விக்கெட் எடுத்துக் கொடுக்கும் வேகம் எல்.பாலாஜி காலத்துக்குப் பிறகு தொடர்ந்து கிடைக்கவில்லை. எம்ஆர்எஃப் வேகப்பந்து பயிற்சி மையம் 1987 முதல் சென்னையிலேயே இருப்பதுதான் இதில் உள்ள கூத்து. அடுத்து, நல்ல ஆட்கள் இந்திய அணிக்குப் போய்விடுவது. அஸ்வின், வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன் எல்லோரும் கிடைத்த சீசன் என்று ஒன்று வந்ததே இல்லை. மும்பைக்கும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அங்கே வெளியே காத்திருக்கும் வரிசை நீளம்.

மூன்றாவது, லீக் அமைப்பே ஒருநாள், டி20 பக்கம் சாய்ந்துவிட்டது. மேலே கோப்பைப் பட்டியலைப் பாருங்கள்: 2002-க்குப் பிறகு வந்தது எல்லாம் வெள்ளைப் பந்துக் கோப்பைகள். ஆனாலும் 2023-24-ல் சாய் கிஷோர் தலைமையில் அரையிறுதி வரை போனார்கள், அவரே 53 விக்கெட் எடுத்து அந்த சீசனின் முதலிடம். அரையிறுதி மும்பையில். வந்தது இன்னிங்ஸ் தோல்வி. ஷார்துல் தாக்கூர் சதம் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார்.

நேர்ல போய்ப் பார்க்கலாமா? டிக்கெட் எவ்வளவு?

ரஞ்சி லீக் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, நேராக உள்ளே போகலாம். எந்த வாயில், எந்த ஸ்டாண்ட் திறந்திருக்கிறது என்பதை மட்டும் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் எப்போதும் சேப்பாக்கத்தில் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர், சேலம், நத்தம் என்று மாறி மாறி நடக்கும், அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலை ஒன்பதரைக்கே முதல் பந்து போட்டுவிடுவார்கள்.